கனடாவுக்குப் பதினைந்து மணி நேரம்

பொய் சொல்வதுதான் என் உத்தியோகம். கழுத்தில் தொங்கும் அட்டையில் டிரான்ஸ்போர்ட் எக்ஸிக்யூட்டிவ் என்று மரியாதையாகப் போட்டிருக்கிறது. மும்பையை ஒட்டி ஐரோலியில் ஒரு கம்பெனி. அங்கே வேலை செய்பவர்களைச் செம்பூர், மாட்டுங்கா, இன்னும் எங்கெங்கோ போய் ஏற்றிவந்து, ஷிப்ட் முடிந்ததும் திரும்ப இறக்கிவிடுகிற வண்டிகளுக்கு நேரம் போட்டுக் கொடுப்பவன் நான். வண்டி வராவிட்டால் எனக்குத்தான் போன் வரும். "அஞ்சு நிமிஷம் சார், திரும்பிட்டான்" என்பேன். டிரைவர் அப்போதுதான் காட்கோபரில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியிருப்பான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நாற்பது நிமிஷம் ஆகும் என்று உள்ளதைச் சொன்னால் மனிதர்கள் கொதித்துப்போவார்கள். ஐந்து நிமிஷம் என்று எட்டுத் தடவை சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு தடவை சிரிக்கவும் வைத்துவிட்டால் கடிகாரத்தையே பார்க்க மாட்டார்கள். பத்தொன்பது வருஷமாக இதைச் செய்துவருகிறேன். ஆபீசில் எனக்கு ஜோக்கர் என்று பெயர். தாராவியில் எங்கள் சந்திலும் அதே பெயர்தான். அங்கே கொஞ்சம் மரியாதை குறைவாகச் சொல்வார்கள்.

உம்மா மவுத்தாகி அடக்கத்துக்குக் காத்திருந்தபோதும் நான் இந்த வித்தையைத்தான் காட்டினேன்.

என் தங்கை டொரண்டோ போய் ஆறு வருஷம் ஆகிறது. அங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. வாப்பா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டார்; உம்மாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். தங்கை போன புதிதில் உம்மா தினமும் காலையில் என்னிடம் அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்பாள். நேற்று சொன்னது இன்று மாறியிருக்குமோ என்பதுபோலக் கேட்பாள். நான் போனைத் திறந்து, இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டால் தூரம் சொல்கிற ஒரு பக்கத்தைக் காட்டுவேன். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சுமாருக்கு. விமானத்தில் பதினைந்து மணி நேரம்.

கிலோமீட்டர் உம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மணி நேரம்தான் சொன்னது. எங்கள் சந்தில் தூரத்தை ரயிலில் அளப்பார்கள். தின்னவேலி என்றால் இரண்டு ராத்திரி ஒரு பகல். எத்தனை வேளைக்குச் சோறு கட்டவேண்டும் என்பதுதான் கணக்கு. பதினைந்து மணி நேரத்துக்கு ஒரு வேளைச் சோறும் ஒரு பிளாஸ்க் டீயும் தாராளம்.

"அப்பம் தின்னவேலியவிட கனடா கிட்டத்துலல்லா இருக்கு" என்றாள் உம்மா.

அந்தப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. இது நேர்கோட்டுத் தூரம், எங்கும் நிற்காமல் பறந்தால் ஆகிற நேரம், விமான நிலையத்தில் காத்திருப்பதும் விமானம் மாறுவதும் இதில் சேராது என்று. நான் அதைப் படித்தேன். அவளுக்குப் படித்துச் சொல்லவில்லை. தங்கை போன நாளிலிருந்து இறுகிக் கிடந்த உம்மாவின் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியிருந்தது. அதோடு, உண்மையைச் சொல்லிக் கெடுத்துவிட முடியாத அளவுக்கு அது நல்ல ஜோக்காகவும் இருந்தது. டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னேன். தங்கச்சி எங்கே இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், பக்கத்தில்தான், தின்னவேலிக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் என்பேன். இரண்டு வருஷத்தில் சந்து முழுக்க அதை நம்பியது. கனடா பதினைந்து மணி நேரம். ஊர் ரெண்டு ராத்திரி.

தங்கை லீவுக்கு இரண்டு தடவை வந்தாள். இரண்டு தடவையும் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டி எவ்வளவோ ஆனது. உம்மா அந்தப் பழியை ஏர்போர்ட்டில் பெட்டி சோதிப்பவர்கள்மேல் போட்டாள். அப்போதும் நான் சும்மாதான் இருந்தேன்.

ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகை நேரம். உம்மாவுக்கு முட்டி வலி, நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுவாள். என் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். தொழுகையை முடித்து இன்னும் சலாம் கொடுக்கவில்லையே என்று எட்டிப் பார்த்தாளாம். உம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்துப் போனார். நான் ஐரோலியிலிருந்து வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியில் மனைவி மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும், தாய்மேல் ஆணையாக, அஞ்சு நிமிஷம் என்றேன்.

வண்டியில் உட்கார்ந்தபடியே தங்கைக்குச் சொன்னேன். அங்கே காலை எட்டு மணி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அழவில்லை. எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டாக இருக்கலாம். பிறகு சொன்னாள்: "நான் பொறப்பட்டுட்டேன் காக்கா. நான் வராம எடுத்துராதீங்க. உம்மாவ நாந்தான் குளிப்பாட்டணும்."

எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். இறந்த உடலை மய்யித் என்போம்; பெண் மய்யித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். முதல் தண்ணீர் மகள் ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். பெற்ற மகனே ஆனாலும் ஆண் அந்தப் பக்கம் போக முடியாது. ஆக உம்மாவுக்குச் செய்யவேண்டிய ஒரு காரியம் தங்கையால் மட்டும் ஆகக்கூடியதாக இருந்தது. அவள் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாள். மய்யித்தைக் காக்க வைக்கக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். சாயங்காலம் மவுத்தானால் ராத்திரி இஷா தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் ஜமாத் தலைவர் வந்தார். தோல் வெட்டுகிற பட்டறை வைத்திருப்பவர், எழுபது வயது, அதிகம் பேசாதவர். மகள் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுற்றி நின்றவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். பதினஞ்சு மணி நேரம்தானே. தின்னவேலியவிட கிட்டல்லா. ஒருத்தர் விரல் விட்டு எண்ணி, காலையில் பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவாள் என்றார். தலைவர் என்னைப் பார்த்தார்.

"அப்படித்தானே தம்பி?"

"கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்" என்றேன்.

"அப்பம் நாளைக்கு லுஹருக்கு வச்சிக்கிடுவோம். பெத்த புள்ள மொகத்தப் பாக்கணும்லா."

மாட்டுங்காவில் ஒரு சங்கத்திலிருந்து கண்ணாடிப் பெட்டி வந்தது, பிளக் சொருகினால் குளிர்கிற பெட்டி. எங்கள் ஜமாத்தில் அதற்கு அவ்வளவு பழக்கம் இல்லை. இரண்டு பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு ராத்திரிதானே என்று தலைவர் அவர்களை அடக்கினார்.

அவர்கள் கலைந்து கொஞ்ச நேரத்தில் தங்கையிடமிருந்து டிக்கெட் வந்தது. நேராக வரும் விமானம் கிடைக்கவில்லை. அவளுடைய மதியம் மூன்று மணிக்குக் கிளம்பி, வளைகுடாவில் ஒரு ஊரில் இறங்கி, நாலு மணி நேரம் காத்திருந்து, இன்னொரு விமானம். மும்பையில் இறங்குவது மறுநாள் இரவு எட்டு. வெளியே வந்து வீடு சேர ஒன்பதரை. லுஹர் தொழுகை பகல் ஒன்றரைக்கு.

நேரம் போடுவது என் தொழில். ஒரு பார்வையிலேயே கணக்கு புரிந்தது. தலைவர் வீடு ஆறு கதவு தள்ளி. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். தங்கையைக் கூப்பிட்டு, இது நடக்காதம்மா என்றும் சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கட்டைவிரல் தூக்கிய ஒரு படத்தை அனுப்பினேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திட்டம் எளிது. லுஹர் நேரத்தில் விமானம் லேட் என்று சொல்லி அஸருக்குத் தள்ளவேண்டும். அஸரில் இறங்கிவிட்டாள், பெட்டி வரவில்லை என்று மஃரிபுக்கு. மஃரிபில் வழியில் டிராபிக் என்று இஷாவுக்கு. ஒரேயடியாகப் பகலும் இரவும் காத்திருங்கள் என்றால் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் அடுத்த வக்து என்றால் ஒத்துக்கொள்வான். பெற்றவளின் அடக்கத்தைச் செம்பூர் பிக்கப் மாதிரி நடத்தத் தீர்மானித்திருந்தேன்.

காலையில் மழை பிடித்துக்கொண்டது. பத்து மணிக்குக் குளிப்பாட்டுகிற அம்மா வந்தார். மாஹிம் பக்கம் இருப்பவர், எங்கள் ஜமாத்தில் அத்தனை பெண் மய்யித்துக்கும் அவர்தான். எல்லாருக்கும் லாத்தா, அதாவது அக்கா. மய்யித்தைச் சுற்றும் கஃபன் துணி, கற்பூரம், பஞ்சு எல்லாம் ஒழுங்காக எடுத்துவைத்துவிட்டு, மகள் எங்கே என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். எந்த இடத்தில் என்று கேட்டார். ஆகாயத்தில் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பதினொரு மணிக்குத் தலைவர் வந்தார். விமானம் லேட் என்று சொன்னேன். மழை, எங்கேயோ சுற்றிக்கொண்டு வருகிறது. அவர் தலையை ஆட்டிவிட்டு, சரி, அஸருக்கு வைப்போம் என்று போனார். வித்தை வேலை செய்தது. என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு டிக்கெட் விவரம் தெரியும். என்னைப் பார்த்தாள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள், மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். வளைகுடாவில் இறங்கியிருந்தாள். எட்டுக்கு வந்துவிடுவேன், வைத்திருப்பீர்கள் அல்லவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போது இரண்டு பக்கமும் ஒரே ஆளிடமிருந்து நேரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு நேரம்.

லுஹர் முடிந்து தலைவர் மறுபடி வந்தபோது அவரோடு குழி வெட்டுகிறவரும் வந்தார். முழங்கால் வரை சேறு. காலையிலேயே வெட்டியாகிவிட்டது, மழையில் அடியில் தண்ணீர் ஊறுகிறது, பக்கெட்டால் இறைத்துக்கொண்டே இருக்கிறோம், ஓரம் சரிய ஆரம்பித்துவிட்டது, இருட்டினால் ஒன்றும் செய்யமுடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் வேலையை அவர் சொன்னார். உள்ளே மின்சாரம் ஒரு தடவை போய் வந்தது. பெட்டியின் கண்ணாடி வேர்த்திருந்தது. என் மனைவி துப்பட்டாவால் துடைத்தாள். துடைத்த இடத்தில் தெரிந்த உம்மாவின் முகம் காலையில் பார்த்த முகமாக இல்லை. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. உதடு கொஞ்சம் உள்ளே போயிருந்தது. யாரோ நெடுநேரம் காக்கவைத்துவிட்டதால் அலுத்துப்போன முகம்.

தலைவர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். தார்ப்பாயின்கீழ் நின்றோம்.

"நேராச் சொல்லு தம்பி. இந்த வாசல்ல அவ காலு எத்தன மணிக்குப் படும்?"

பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் நாக்கு அஞ்சு நிமிஷம் என்று உருட்டியது. அதை விழுங்கினேன்.

"ஒம்பதர."

"ராத்திரி ஒம்பதரயா?"

"ஆமா."

"எப்பம் தெரியும்?"

"நேத்தே. டிக்கெட்டு வந்தப்பவே."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவர் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

"நேத்தே சொல்லிருந்தா நேத்தே மண்ணுக்குக் குடுத்திருப்போம். இல்ல, நாளைக்குத்தான்னு மனசத் தேத்திக்கிட்டு வேற ஏற்பாடு பாத்திருப்போம். நடுவுல கெட்டிப் போட்டுட்டியே தம்பி, ஒங்க உம்மாவ." பிறகு சொன்னார்: "நீ மவன். காத்திருக்கணும்னு சொல்லு, காத்திருப்போம். நான் ஆளுங்கள வச்சி ராத்திரிவரைக்கும் தண்ணி இறைக்கச் சொல்லுதேன். எடுக்கணும்னா எடுப்போம். நீயே சொல்லு."

சந்தில் முப்பது நாற்பது பேர் குடையோடு நின்றிருந்தார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். என்னிடம் சிரித்தே பழகியவர்கள். ஒருத்தரும் சிரிக்கிற மாதிரி நிற்கவில்லை. நான் சொல்வது அப்படியே நடக்கும் என்று முதல்முதலாக ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். அது எவ்வளவு கனமான விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அஸருக்கு எடுத்துருவோம்" என்றேன்.

பிறகு தங்கையைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நான் சொல்வதைக் கேள் என்று ஆரம்பித்தேன். ஜோக்கு வேண்டாம் காக்கா, இன்னிக்கி வேண்டாம் என்றாள்.

"ஜோக்கு இல்லம்மா. அஸருக்கு எடுக்கப்போறோம்."

அவள் பின்னால் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம். ஒரு குழந்தை அழுதது.

"எட்டு மணிக்கு எறங்கிருவேன்ல? இன்னும் கொஞ்ச நேரம்தானே காக்கா."

"நேத்துல இருந்து நானும் கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்னுதான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"நீதானே மவன். நீ சொன்னா நிப்பாங்கல்ல?"

"நிப்பாங்க."

"அப்ப சொல்லேன்."

"சொன்னா நிப்பாங்க. அதனாலதான் சொல்லல."

அவள் அழுதாள். நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒரு மூலையில் கொட்டியது. ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்.

"குளிப்பாட்டியாச்சா?"

"இல்ல. ஒனக்காக வச்சிருக்கு."

"போன லாத்தாகிட்ட குடு."

லாத்தா போனை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனார். வீடியோ போடச் சொல்லித் தங்கை கேட்டிருக்கிறாள். மய்யித்தைப் படமாகக் காட்டுவது கூடவே கூடாது என்று லாத்தா மறுத்துவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று முழுக்கத் தெரியாது. கடைசியில் லாத்தா சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"போன வைக்காம கொரல் மட்டும் கேட்டுட்டு இரும்மா. நான் செய்யுததச் சொல்லிட்டே செய்யுதேன்."

ஆண்களையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். வாசலில் இரண்டு பெட்ஷீட்டைக் கட்டினார்கள். மோரிப் பக்கம் சாய்வாக, தண்ணீர் ஓடும்படி, கட்டிலைப் போட்டார்கள். மோரி என்றால் எங்கள் வீடுகளில் பாத்திரம் கழுவுகிற, குளிக்கிற மூலை. போனில் ஒன்பது சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. உள்ளே இருக்கும் பிளக்கைப் பெட்டிக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள், அதன் பக்கத்தில் தண்ணீர் படும். அதனால் எதிர்வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, எங்கள் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே விட்டோம். போனைப் பாலிதீன் பையில் சுற்றி ஜன்னல் கட்டையில் வைத்தார்கள். ஒயர் ஜாயிண்ட் மழையில் நனையாமல் யாராவது பிடித்திருக்க வேண்டும். நான் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய காரியத்தில் என் பங்கு அதுதான், ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இரண்டு பிளக்குகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பது.

உள்ளேயிருந்து லாத்தாவின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மொதத் தண்ணி ஒன் பேரச் சொல்லி ஊத்துதேன்மா. நீ பிஸ்மி சொல்லு."

போனிலிருந்து தங்கை பிஸ்மி சொன்னாள். தண்ணீர் விழுந்தது.

"வலது பக்கம் ஊத்துதேன். கையத் தூக்கிக் கழுவுதேன். வளையல் தழும்பு இருக்கு பாரு, அந்த எடம்." கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும். "இப்பம் எடது பக்கம். வெந்நிதான், ரொம்பச் சூடில்ல. தலைக்கு ஊத்துதேன். முடி இம்புட்டு இருக்கே இன்னும். மூணாப் பிரிச்சுப் பின்னுதேன், சரியா?"

"சரி லாத்தா."

நடுவில் போனுக்குள் பெரிய மணிச்சத்தம், ஒரு பெண் அரபியிலும் இங்கிலீஷிலும் ஏதோ விமானத்தின் கேட் நம்பரைச் சொன்னாள். எங்கள் வீட்டு மோரியில் அந்த அறிவிப்பு எதிரொலித்தது. லாத்தா அது முடியும்வரை தண்ணீர் ஊற்றாமல் காத்திருந்தார். பிறகு, ஒன்ன கூப்பிடுதாவளோம்மா என்று கேட்டார். இல்லை, அது வேறு ஊருக்கு என்றாள் தங்கை.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். என் பக்கத்தில் நின்ற மச்சான் ஒருவர் எனக்குக் குடை பிடித்தார். நான் அழுததை அவர் பார்த்திருப்பார். மழை என்று வைத்துக்கொண்டிருப்பார்.

அஸர் தொழுது, மய்யித்துக்கான ஜனாஸாத் தொழுகை முடித்துத் தூக்கினோம். கபர்ஸ்தானில் இரண்டு பேர் கடைசி நிமிஷம்வரை பக்கெட்டில் இறைத்தார்கள். நான் குழிக்குள் இறங்கி உம்மாவை வாங்கினேன். அதுபற்றி எழுதத் தெரியவில்லை. அவள் நான் நினைத்திருந்ததைவிட லேசாக இருந்தாள். தங்கையின் விமானம் அந்த நேரத்துக்குத்தான் கிளம்பியிருக்கும்.

எட்டு மணிக்கு இறங்கினாள். நான் ஏர்போர்ட் வாசலில் நின்றிருந்தேன்; எட்டே முக்காலுக்கு வெளியே வந்தாள். கையில் ஒரு சின்னப் பை மட்டும். எங்கள் ஆபீஸ் டிரைவர் ஒருவன் சொல்லாமலே வண்டி கொண்டுவந்திருந்தான். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்தவள் கடைசி எட்டு கிலோமீட்டரை மழையில் ஒரு மணி நேரம் வந்தாள். பாதி வழி வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, திரும்பாமலே பேசினாள்.

"டிக்கெட் அனுப்பும்போதே எனக்குத் தெரியும் காக்கா, இது ஆகாதுன்னு. நீ போன் பண்ணிச் சொல்லுவேன்னு உக்காந்திருந்தேன். நீ தம்ஸ்-அப் போட்ட. காக்கா ஏதோ மேனேஜ் பண்ணிட்டான்னு நெனச்சேன். பன்னெண்டு மணி நேரம் அந்த நெனப்புலயே வந்தேன்."

முன்சீட்டில் டிரைவர் ரேடியோவை அணைத்தான். மன்னிச்சிரு என்று சொன்னேன். அவள் கையிலிருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் லாத்தா இன்னும் போகாமல் உட்கார்ந்திருந்தார். தங்கை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். வருஷக்கணக்காகத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கைகள். நான் ஏணியில் என் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. கபர்ஸ்தானுக்குக் கூட்டிப்போ என்றாள் தங்கை. எங்கள் ஜமாத்தில் பெண்கள் உள்ளே போவதில்லை. தெரியும், கேட்டில் நிற்கிறேன் என்றாள். இரும்பு கேட்டுக்கு வெளியே, பூக்கடைக்குப் பக்கத்தில், முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து உம்மாவின் கபர் தெரியாது. நடுவில் ஒரு திருப்பமும் வேப்பமரமும் இருந்தன.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"கிட்டத்துலதான்."

"எத்தன ஸ்டெப்புன்னு எண்ணிச் சொல்லு."

நடந்தேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினேன். வேப்பமரம் வரை நாற்பத்தொன்று. அதற்கப்புறம் புது மண் கண்ணில் பட்டது, மேலே நட்ட மருதாணிக் குச்சி சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய் நின்றபோதுதான் தெரிந்தது, எண்ணுவதை எங்கேயோ விட்டுவிட்டேன். எழுபதா, எண்பதா. எழுபத்தஞ்சு என்று போய்ச் சொன்னால் அவளுக்கு என்ன தெரியப்போகிறது. அவள் உள்ளே வந்து அளக்கப்போவதில்லை.

குச்சியை நிமிர்த்திவிட்டுத் திரும்பி கேட்டுக்கு வந்தேன். எவ்வளவு என்று கேட்டாள். நடுவுல தப்பிப்போச்சு, இரு என்றேன். கேட்டின் இரும்புப் பட்டையில் குதிகாலை ஒட்டி வைத்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.